புகைவண்டி போன வழியில் மிதிவண்டி

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓர் இருப்புப் பாதைக்கும் இது பொருந்துமா? வண்டிகள் நின்றுபோய், தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட பாதையால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்விக்கு விடை காண, வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, இங்கிலாந்து நாட்டின் ஒரு சிறு நகரத்தைச் சுற்றி மிதிவண்டியில் ஒரு மனப்பயணம் போய் வருவோம், வாருங்கள்.

பேக்வெல் நகரம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே வை ஆற்றின் கரையில் அமைந்திருப்பது பேக்வெல். மக்கள்தொகை ஏறத்தாழ 4,000. ஐந்து வளைவுகள் கொண்ட பழைய கற்பாலமும், திங்கட்கிழமைச் சந்தையும், பாதாமும் பழப்பாகும் சேர்த்துச் செய்யும் பேக்வெல் புட்டிங்கும் இவ்வூரின் அடையாளங்கள். 1951-ஆம் ஆண்டில் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்தின் நடுவே இந்நகரம் இருக்கிறது.

சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே இம்மலைகள் உண்டாயின. ஆறுகள் அவற்றை அறுத்துச் செங்குத்தான பள்ளத்தாக்குகளை ஆக்கின. காண்பதற்கு அழகுதான், ஆனால் மிதிவண்டி ஓட்டுவோருக்கு மூச்சு வாங்கும்!

சமதளப் பாதை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் இருப்புப் பாதை நமக்குக் கை கொடுக்கிறது. நீராவி வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. இருப்புச் சக்கரம் இருப்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கும். ஆகவே பொறியாளர்கள் மலையைக் குடைந்து சுரங்க வழி அமைத்தார்கள். பள்ளத்தின் குறுக்கே பாலம் கட்டினார்கள். புகைவண்டிக்காக அவர்கள் அன்று செய்த வேலையின் பயனை மிதிவண்டிக்காரர் இன்று அனுபவிக்கிறார்.

மிட்லண்ட் இரயில்வே 1862-இல் பேக்வெலை அடைந்தது. 1863-இல் பக்ஸ்டன் நகரம் வரை நீண்டது. பின்னர் மான்செஸ்டரிலிருந்து இலண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையம் வரை இவ்வழியே வண்டிகள் ஓடின. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1968-இல் இப்பகுதி மூடப்பட்டது. 1981-இல் இதே வழி மான்சல் பாதை என்னும் பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நீளம் எட்டரை மைல், அதாவது 13.7 கிலோமீட்டர்.

மான்சல் பாதையில்

பேக்வெலில் இருந்து புறப்படுகிறோம். போகும்போது பாதை மெல்ல ஏறும், திரும்பும்போது இறக்கம். களைத்தபின் எளிய வழி கிடைப்பதால் இதுவே நல்ல திசை. பழைய ஹாசப் நிலையத்தைக் கடந்தால் ஹெட்ஸ்டோன் சுரங்க வழி வரும். இது ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளம். உள்ளே பகலில் விளக்குகள் எரிகின்றன. ஆயினும் கோடையிலும் குளிர் உறைக்கும். மேலிருந்து நீர் சொட்டும்.

இருளிலிருந்து வெளியே வந்த உடனே நாம் நிற்பது ஒரு பாலத்தின்மேல்! ஐந்து வளைவுகளுடன் வை ஆற்றைக் கடக்கும் ஹெட்ஸ்டோன் பாலம் அது. இதைக் கட்டியதற்காக எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கடுஞ்சினம் கொண்டார். சிறிது நேரப் பயணத்திற்காகத் தெய்வ அழகுள்ள பள்ளத்தாக்கைப் பாழாக்கிவிட்டார்களே என்று வருந்தி எழுதினார். ஆனால் காலம் செய்த விந்தையைப் பாருங்கள். அவர் வெறுத்த அதே பாலம், 1970-இல் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதைக் காண்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். ரஸ்கின் சொன்னது தவறு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அழகு அழியுமே என்று அஞ்சிக் கேட்க ஒருவர் வேண்டும்தானே?

ஆற்றங்கரையில் ஓர் ஆலை

கிரெஸ்புரூக், லிட்டன் சுரங்க வழிகளைக் கடந்து செல்கையில் கீழே ஆற்றோரம் லிட்டன் ஆலை தெரியும். இன்று அது குடியிருப்பாக மாறிவிட்டது. ஆனால் இங்கே மிதிவண்டியை நிறுத்தி, சற்று நேரம் மௌனமாக நிற்பது தகும். 1782-இல் தொடங்கிய இந்தப் பஞ்சாலையில் தாய் தந்தையற்ற சிறுவர் சிறுமியர் வேலைக்கு வைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் ராபர்ட் பிளிங்கோ. இலண்டன் செயின்ட் பாங்க்ராஸ் அநாதைப் பிள்ளைகளோடு, 1799-இல், ஏறத்தாழ ஏழு வயதில் வேறோர் ஆலைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து லிட்டனுக்கு வந்தவர். இங்கே அவர் பசியையும் அடியையும் கண்டார்.

வளர்ந்தபின் தாம் பட்ட துன்பத்தை அவர் எடுத்துரைத்தார். 1832-இல் அது தனி நூலாக வெளிவந்தது. 1833-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. கல்வி கிட்டாத அந்தச் சிறுவருடைய மகனோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானார். பின்னாளில் இப்பள்ளத்தாக்கு வழியே வண்டிகள் ஓடிச்சேர்ந்த இலண்டன் நிலையத்தின் பெயரும் செயின்ட் பாங்க்ராஸ்! எந்த ஊர்ப் பெயரைக் கேட்டு அக்குழந்தைகள் ஏங்கினார்களோ, அந்த ஊருக்கு அவர்கள் துன்புற்ற இடத்தின் அருகிலேயே பாதை அமைந்தது. ஆனால் அது வந்தது அவர்கள் காலத்திற்குப் பின்னே.

அப்பால் மில்லர்ஸ் டேல் நிலையம். அங்கே பெரும் சுண்ணாம்புக் காளவாய்களும் அடுத்தடுத்து இரண்டு பாலங்களும் உண்டு. அதன்பின் சீ டோர் சுரங்க வழிகள்; முடிவில் பிளாக்வெல் மில்.

யாருக்காகத் திறந்த கதவு?

1981-இல் பாதை திறந்தபோது, பாதுகாப்பு கருதிச் சுரங்க வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. அவ்விடங்களில் மலைமேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். கால் வலிமை உள்ளவர்க்கு அது சிரமமில்லை. மிதிவண்டிக்கு? சக்கர நாற்காலியில் வருபவருக்கு? முப்பது ஆண்டுகள் காத்திருந்தபின், 2011 மே மாதம் சுரங்க வழிகள் செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டன. அன்றுதான் அப்பாதை உண்மையில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. “பொது” என்ற சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறு எது?

பாதையில் நடப்போரும், குதிரையில் வருவோரும், குழந்தைகளும் உண்டு. ஆகவே மணியடித்து, வேகத்தைக் குறைத்துச் செல்வதே அங்குள்ள நாகரிகம்.

வேறு இரு பாதைகள்

பேக்வெலுக்குத் தென்மேற்கே 12, 13 கிலோமீட்டர் தொலைவில் பார்ஸ்லி ஹே என்னுமிடத்தில் இரண்டு பழைய இருப்புப் பாதைகள் கூடுகின்றன. ஒன்று ஆஷ்போர்ன் நகரிலிருந்து வரும் டிசிங்டன் பாதை. நீளம் 21 கிலோமீட்டர். 1899-இல் புகைவண்டிக்காகத் திறந்த அவ்வழி, 1971-இல் நடைக்கும் மிதிவண்டிக்கும் உரியதாயிற்று.

மற்றொன்று 28 கிலோமீட்டர் நீளமுள்ள ஹை பீக் பாதை. 1831-இல் நிறைவுற்ற அந்த இருப்புப் பாதை, கால்வாய் கட்டும் முறையில் அமைந்தது. நெடுந்தொலைவு சமதளம்; பிறகு திடீரென ஒரு செங்குத்துச் சரிவு. சரிவுகளில் நிலையான நீராவி எந்திரங்கள் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுத்தன. அவற்றில் ஒன்றை மிடில்டன் டாப்பில் இன்றும் காணலாம். எனவே குராம்ஃபோர்டு அடிவாரத்தில் தொடங்குபவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். மிடில்டன் டாப்பிலிருந்து தொடங்குபவரே அறிவாளி!

நாம் எண்ணிப் பார்க்க

இன்று சிலர், மான்சல் பாதையில் மீண்டும் தண்டவாளம் போட வேண்டும் என்கின்றனர். மோட்டார் வண்டிகளின் நெரிசலும் புகையும் குறையும் என்பது அவர்கள் வாதம். வேறு சிலரோ, எளியோரும் முதியோரும் அச்சமின்றி உலவும் வழியைப் பறிக்கலாகாது என்கின்றனர். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிது; இரண்டு நன்மைகளுக்கு இடையே தேர்வதே கடினம். நீங்கள் அந்நகர மன்றத்தில் இருந்தால் எதற்குக் கை தூக்குவீர்கள்? காரணத்தோடு வகுப்பில் விவாதியுங்கள்.

யானை இறந்தும் ஆயிரம் பொன் பெறும் என்று தொடங்கினோம். அது தானாகப் பெறுவதில்லை. அதன் மதிப்பை அறிந்து பேணுவோர் இருந்தால்தான் பெறும். பேக்வெல் மக்கள் கைவிடப்பட்ட பாதையைக் குப்பைமேடாக விடவில்லை. அடைத்த சுரங்கத்தை அடைத்தபடியே விடவும் இல்லை. பயனற்றது என்று ஒன்றை ஒதுக்குமுன், வேறு யாருக்கு அது வழியாகக் கூடும் என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம்.