வெல்டிங் மெஷின் மக்கர் பண்ணுதா தம்பி?

மெஷின் படுத்துடுச்சுன்னதும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதே. வீட்டுல வச்சிருக்கிற சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷினுக்குப் பாதி சீக்கு பெட்டிக்கு வெளியிலதான் இருக்கும்.

ராடு ஒட்டிக்குது, ஆர்க் விட்டு விட்டு வருதுன்னா முதல்ல எர்த் கிளாம்ப்பைப் பாரு. அது கடிக்கிற இடத்துல பெயிண்ட்டோ துருவோ இருந்தா, சுரண்டிப் பளபளப்பாக்கு. கொஞ்ச நேரம் வெல்ட் பண்ணிட்டு, சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கின பிறகு, கேபிளோட ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்துலயும் புறங்கையைக் கொண்டுபோ. எங்கே சுடுதோ அங்கேதான் லூஸ். கறுத்துப்போன செம்புக் கம்பியை வெட்டி எறிஞ்சிட்டு, நல்ல கம்பி வர்ற வரைக்கும் சீவி, புது லக் போட்டு இறுக்கு. செலவு ஒரு லக் விலைதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னொரு வில்லன். மிக்ஸிக்குப் போடுற ஒல்லி வயர்ல வெல்டிங் ஓட்டினா வோல்டேஜ் விழும், மெஷின் திணறும். 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், 16 ஆம்பியர் பிளக். சுருட்டி வச்ச வயரா இருந்தா முழுசும் பிரிச்சுப் போட்டு ஓட்டு, இல்லேன்னா சுருளே சூடாகி உருகிடும். மழைக்காலத்துல நமுத்த ராடும் ஒட்டிக்கிற, ஆர்க் விட்டு விட்டு வர்ற கூத்தைப் பண்ணும்.

அப்புறம் மல்டிமீட்டர். டிசி ரேஞ்சுல வச்சு, மெஷினை ஆன் பண்ணி, ராடு எதையும் தொடாதப்போ மெஷினோட பிளஸ், மைனஸ் ரெண்டுக்கும் நடுவுல பாரு. பொதுவா 60லேருந்து 80 வோல்ட் வரைக்கும் காட்டும். பாதுகாப்புக்காகக் குறைச்சு வச்ச மாடல்களும் உண்டு. சரியா காட்டினா பிழை பெரும்பாலும் கேபிள்லதான்.

பெட்டியைத் திறந்துதான் ஆகணும்னா, இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்கள்ல 300 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் நிக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஹோல்டர்ல ரெண்டு இன்சுலேஷன் வயர் இழுத்து கெப்பாசிட்டரோட முனைகள்ல வை. பல்பு மினுக்கி அணையும். எல்இடி பல்பு இதுக்கு உதவாது. மீட்டர்ல சைபருக்குப் பக்கத்துல வந்த பிறகுதான் கையை வை.

கிரைண்டரைப் பக்கத்துல வச்சு ஓட்டுற பழக்கம் இருந்தா உள்ளே இரும்புத்தூள் அப்பியிருக்கும், ஃபேன் உறிஞ்சி இழுத்தது. காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிவிட்டு புளோயர் அடி. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோ. அடிக்கடி ஹீட் லைட் எரிஞ்சா சந்தேகம் அந்த ஃபேன் மேலதான். அதே சைஸ், அதே வோல்ட்ல வாங்கு. சென்னைன்னா ரிச்சி தெருவுல தேடு.

லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ராடைத் தொட்டதும் செத்துப்போகுதா? ஆன் பண்ணின ஓரிரு நொடியில 'டிக்'னு ஒரு சத்தம் வரணும். வரலைன்னா ரிலேயைக் கவனி. சால்டரிங் கை இருந்தா, மேல எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் பார்த்து அதே மாதிரி ஒண்ணை மாத்திடலாம்.

போர்டுல கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்புற ஐஜிபிடி டிரான்சிஸ்டர் வெடிச்சிருந்தா மூடி வச்சிடு. அதை மட்டும் மாத்தினா, அதை இயக்குற டிரைவர் சர்க்யூட்டும் போயிருக்குற பட்சத்துல ஆன் பண்ணின அடுத்த நொடியே புதுசும் போகும். கடைக்காரர்கிட்ட போர்டு விலை கேளு. புது மெஷின் விலையில பாதியைத் தாண்டினா நான் ரிப்பேர் பண்ண மாட்டேன். கேபிள், ஹோல்டர், ஃபேனைக் கழட்டி வச்சுக்குவேன்.