சலவை இயந்திரத்தின் நீர்மட்ட உணர்வி

தொட்டி நிறைந்த பின்னும் நீர்வரத்து நிற்கவில்லையாயின், முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அப்போதும் நீர் விழுமாயின் குற்றம் வரத்து வால்வினுடையது. நின்றுவிடின் உணர்வியை ஆராய்தல் தகும்.

தொட்டியின் அடியிலுள்ள சிற்றறையில் நீர் ஏறுங்கால், அங்கு அகப்பட்ட காற்று மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே சென்று, மேலேயுள்ள உணர்வியின் சவ்வை அழுத்துகிறது. 20 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கே. ஆதலின் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பினும், காற்றுக் கசிந்து, நிறைந்த தொட்டியும் வெறுந்தொட்டியாகவே கொள்ளப்படும். சோப்புக் கசடு அடைத்தாலும் இதுவே விளைவு.

மின்செருகியைக் கழற்றி, நீரை வடித்த பின், குழாயை உணர்வியினின்று நீக்கித் தொட்டிப் பக்கமாக மெல்ல ஊதலாம். உணர்வியினுள் பலமாக ஊதுவோர் நல்ல சவ்வையும் கிழித்துவிடுவர். வெடிப்பு நுனியிலாயின், அதனைச் சிறிது நறுக்கிப் பொருத்தினால் போதும். இவற்றாலும் சீராகாவிடில் மட்டுமே புது உணர்வி வாங்க வேண்டும்.