எழுத்து மாறிய மடல்

செங்கற்பட்டு மாவட்டத்தில், திருக்கழுக்குன்றத்திற்கு அருகில் உள்ளது அணுபுரம். கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோர் வாழும் குடியிருப்பு அது. அவ்வூர் மாணவன் ஒருவனுக்கு அவன் மாமா கணினி வழியே ஒரு மடல் அனுப்பினார். பாட்டி சொல்லச் சொல்ல அவர் எழுதிய கைமருந்துக் குறிப்புகள் அதில் இருந்தன.

மாணவன் ஆவலோடு மடலைத் திறந்தான். அதில் தமிழைக் காணோம்! அயல்மொழி எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே வரிதோறும் நிறைந்திருந்தன. மடல் கெட்டுவிட்டது எனக் கருதி அவன் அதனை அழிக்கப் புகுந்தான்.

"பொறு தம்பி! மடல் கெட்டதா, நாம் படிக்கும் முறை தவறா என்று முதலில் பார்" என்று தாய் தடுத்தார்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என வகுப்பதே குறிமுறை. தமிழ் எழுத்துரு செய்தோர் முன்னர்த் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்தனர். ஆதலின் ஒருவர் எழுதியதைப் பிறர் படிக்க இயலாதிருந்தது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு இக்குறையை ஆராய்ந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது.

ஒருங்குறியில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. அதனை 224, 174, 133 என மூன்று எண்களாகச் சேமிப்பது இன்று பெருவழக்கு. மேலைநாட்டு மொழிகளுக்குரிய குறிமுறையில் அமைந்த கணினியோ, அம்மூன்றையும் மூன்று தனிக் குறிகளாகக் காட்டும். மாமா எழுதியது ஓர் 'அ'. மாணவன் கண்டது ஒரு பிரெஞ்சு எழுத்தும், வட்டத்துள் அடங்கிய ஆங்கில எழுத்தும், முப்புள்ளியும்!

தாய் சொற்படி அவன் மடலுக்குப் படியொன்று எடுத்துவைத்தான். பின்னர்க் குறிமுறை அமைப்பை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றினான். பாட்டியின் சுக்கும் திப்பிலியும் தமிழில் தோன்றின.

இத்தகைய வேளையில் பல அமைப்புகளை ஒருசேர மாற்றுதல் கூடாது. மாற்றினால் தவறு எதனால் நேர்ந்தது என்பது விளங்காது. குறிமுறை அறியாது சேமித்தலும் தீது. தமிழ் எழுத்துகளை மேலைநாட்டுக் குறிமுறையில் சேமித்தால் அவை வெறும் வினாக்குறிகளாகிவிடும். அக்கோப்பிலிருந்து அவற்றை மீட்க இயலாது.

விளங்காத செய்தி வந்தால், அனுப்பியவரையோ கருவியையோ பழிக்குமுன் நம் அமைப்பை நாமே ஆராய்தல் வேண்டும். அன்று அம்மாணவன் பொறுத்திராவிடில், மூதாட்டி ஒருவரின் அனுபவ அறிவு ஒரு நொடியில் அழிந்திருக்கும்.