பேரிரைச்சலுக்குள் ஓர் அரசியல்

கேள்வி: ஹெவி மெட்டல் இசைக்குள் அரசியல் எதற்கு? கிதாரும் டிரம்ஸும் போதாதா?

பதில்: மெட்டலுக்குள் அரசியல் பின்னாளில் வந்து புகுந்ததல்ல, பிறவியிலேயே உடன் இருந்தது. மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத் குழு பிறந்த இங்கிலாந்தின் பர்மிங்காம், இரண்டாம் உலகப் போரில் குண்டுமழையில் நனைந்த தொழில்நகரம். அந்தக் குழுவின் 'வார் பிக்ஸ்' பாடல் 1970-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் தலைவர்களை அது நேருக்கு நேர் சாடியது. வரிகளை எழுதியவர் பேஸ் கிதார் வாசித்த கீசர் பட்லர். அந்தக் கோபத்தை நீக்கிவிட்டால் பாட்டில் மிஞ்சுவது வெறும் சத்தம்தான்.

சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழுவின் நால்வரும் ஆர்மீனிய வம்சாவளியினர். 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலையைத் தங்கள் முதல் ஆல்பத்திலேயே பாடினார்கள். அதன் நூற்றாண்டான 2015 ஏப்ரலில், ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் குடியரசுச் சதுக்கத்தில் இலவசமாக இசைத்தார்கள். தாத்தா பாட்டிகள் உயிர்தப்பி வந்த கதையைப் பேரன்கள் பாடும்போது, "அரசியல் வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது?

ஆனால், எல்லா அரசியலும் வரவேற்கத்தக்கதல்ல. பிளாக் மெட்டல் என்னும் கிளைவகையின் ஒரு மூலையில் நாஜி வெறுப்பைப் பாடும் குழுக்கள் உண்டு. அவற்றைக் கலைச் சுதந்திரம் என்று தட்டிக்கொடுக்கக் கூடாது.

இன்னொன்று: அரசியலை ஒதுக்கிவைக்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஈரானின் கன்ஃபெஸ் குழுவினர் தங்கள் இசைக்காகவே 2015-இல் கைதானார்கள். நார்வேயில் தஞ்சமடைந்து, அங்கிருந்து தொடர்ந்து பாடுகிறார்கள்.