எட்டாவது கேள்வி

அன்புள்ள தங்கைக்கு,

பிரிக்பீல்ட்ஸில் மனநல ஆலோசனை அறை திறக்கப்போகிறாய். வருகிறவர்கள் 'பதற்றம்' என்ற சொல்லோடு வரமாட்டார்கள். கேஸ்ட்ரிக் என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள், கழுத்து பிடித்துக்கொள்கிறது என்பார்கள். கிளினிக்கில் மாத்திரையும் இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) வாங்கி, மூன்றாம் நாள் அதே நாற்காலிக்குத் திரும்பியவர்கள். பேசும்போது அவர்கள் கையைப் பார். மேசையில் கவிழ்த்து வைத்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தால் போதும், பேச்சு பாதியில் நிற்கும். கட்டைவிரல் அதைத் தேடிப் போகும்.

உன்னிடம் பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 படிவம் இருக்கும். 2006இல் வெளிவந்த நல்ல கருவிதான். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஏழு கேள்விகளில் விசாரிக்கிறது. 10 புள்ளியை எட்டினால் கவனி என்கிறது. ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று அந்த ஏழில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. எட்டாவதாக அதை நீ கேள். பயணத்தையும் சேர்த்துக் கேள்; கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருகிறவருக்கு வேலைநாள் அலுவலக வாசலில் தொடங்குவதில்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் மதிப்பிட்டன. ரத்தக் குழாய் வரை எட்டுகிற நேரக்கணக்கு, மனத்தை மட்டும் விட்டுவைக்கும் என்று நான் நம்பவில்லை.

முதலாளியைத் திருத்துவது ஆலோசகரின் வேலையா என்பார்கள். இல்லைதான். ஆனால் மூச்சுப் பயிற்சி மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால், சுமை சரி, சுமப்பவர்தான் சரியில்லை என்று நீயே சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகிவிடும். 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டம் வார வரம்பை 48இலிருந்து 45 மணி நேரமாகக் குறைத்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு: மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியருக்கு ஓ.டி. (மிகைநேர) சம்பளம் கட்டாயமில்லை. 'எக்சிகியூட்டிவ்' ஆனவருக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் வேலை, முதலாளிக்கு இலவசம். இது தெரிந்தாலே 'எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை' என்ற நினைப்பு கொஞ்சம் தளரும்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற தாத்தா பாட்டிக்கு இந்த வியாதியெல்லாம் இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உன்னிடம் வந்தவரே வெட்கத்தோடு கேட்பார். பதிலுக்கு இதைச் சொல்: 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும்: இரண்டும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. அந்தத் தலைமுறை தாங்கியது என்கிறோமே, எதைக் குடித்துத் தாங்கியது என்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

வேலை நேரம் குறைந்தும் படபடப்பு அடங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு முறையான சிகிச்சையே வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே நடுக்கம் வரும். நெஞ்சுவலியைப் பதற்றம் என்று நீயாக முடிவு கட்டாதே, மருத்துவரிடம் அனுப்பு. மற்றவர்களிடம், வேலை பற்றிய கடைசிச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று ஒரு வாரம் குறித்து வரச் சொல். அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டாவது சந்திப்பைத் தொடங்கு.