‘என்னால் ஆகாது’ என்பதை இறக்கிவிட 9 வீட்டுக் குறிப்புகள்

“எனக்குக் கணக்கு வராது” என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் கணக்கு, சீட்டுப் பணம், வங்கிப் படிவம் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிடுவேன். அந்த எண்ணத்தை இறக்கிவைக்கும் வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோடங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்வதைப் பார்த்திருக்கிறேன். வெகுநாள் கழித்து சைபீரியா, மங்கோலியா, இலங்கைச் சடங்குகளைப் பற்றிப் படித்தபோதுதான் அவர் செய்த வேலை எனக்குப் புரிந்தது. ‘ஷாமன்’ என்பது சைபீரியாவின் எவெங்கி மக்களுடைய சொல். அந்த ஷாமனும் நம் கோடங்கியும் ஒன்றல்ல. ஆனாலும் வாடி வந்து உட்கார்ந்தவரிடம் “உன் குணமே இதுதான்” என்று இருவருமே சொல்வதில்லை. ஏதோ வந்து ஏறியிருக்கிறது, இறக்கிவிடலாம். அல்லது ஏதோ தொலைந்திருக்கிறது, தேடி எடுத்து வரலாம் என்பதுதான் அவர்கள் பார்வை. பேய் பிசாசை நம்பாதவர்களுக்கும் இது உதவும். நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் பேரைக் கேளுங்கள். கோடங்கி உடுக்கையை அடித்து நிறுத்தியதும் கேட்கிற கேள்விகள் இவை: “நீ யாரு? எந்த ஊரு? இவளை எங்கே வச்சுப் பிடிச்சே?” அதே மூன்றையும் உங்கள் பயத்திடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எனக்குப் பதில் உடனே வந்தது. எட்டாம் வகுப்பு, மத்தியானம், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம். அதுவரை அது என் சொந்த எண்ணம் என்றே நினைத்திருந்தேன்.
பேரைத் தவறாகக் கண்டுபிடித்துவிடவும் கூடும். சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நினைத்துப் பாருங்கள். மகள் காதலால் மெலிகிறாள். தாயோ முருகன் அணங்கியதாக எண்ணி, வெறியாடும் பூசாரியான வேலனை அழைக்கிறாள். உண்மைக் காரணம் தோழிக்குத்தான் தெரியும். அதனால் முதலில் தோன்றிய பதிலோடு நின்றுவிடாமல், உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

2. ‘நான்’ என்பதை ‘நீ’ என்று மாற்றி எழுதுங்கள். “எனக்கு வராது” என்றால் அது உங்கள் குரல். “உனக்கு வராது” என்று எழுதினால் அது வேறொருவர் குரலாகிவிடும். அதற்குப் பதில் சொல்லலாம். சொல்லிப் பாருங்கள், வாய் விட்டு.

3. அதற்கு ஒரு முகம் செய்யுங்கள். இதில் இலங்கையின் தென்கரைச் சிங்கள மக்கள் பெரிய ஆசான்கள். அங்கே ‘சன்னி யகும’ என்று ஒரு குணமாக்கும் சடங்கு உண்டு. சன்னி யக்கர் என்னும் நோய் தரும் 18 பேய்களுக்கும் தனித்தனி முகமூடி. குருடாக்குகிறவன், செவிடாக்குகிறவன், ஊமையாக்குகிறவன் என்று ஒவ்வொருவராக நோயாளியின் முன் வந்து நிற்பார்கள். முதலில் மிரட்டல். பிறகு சடங்கை நடத்துகிறவர் அவர்களை வாய்க்கு வாய் பேசவைப்பார், கேலி செய்வார், கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நோயாளியும் சிரித்துவிடுவதுண்டு. உள்ளே உருவமில்லாமல் கிடந்தது வெளியே வந்து, தடுமாறி, காணிக்கை வாங்கிக்கொண்டு போய்விடும்.
பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டிக் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கரி, மஞ்சள், குங்குமம் போதும். பிள்ளைகள் இருந்தால் வண்ணம் தீட்டும் வேலையை அவர்களிடம் விடுங்கள். அதை மாட்டிக்கொண்டு உங்கள் வாக்கியத்தைக் கண்ணாடி முன் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தச் சொல்லைச் சொன்ன மனிதரின் சாயல் முகமூடியில் வரக்கூடாது. அவரை வெறுப்பது நமக்கு வேலையில்லை.

4. தாளம் தட்டுங்கள். சைபீரிய ஷாமனுக்குப் பறைதான் குதிரை. அதில் ஏறித்தான் அவர் போய்த் தேடுவார். 1930களில் சோவியத் ஆட்சி அந்தப் பறைகளைப் பிடுங்கிக்கொண்டது. அப்படியும் அந்தத் தாளம் அழியவில்லை. மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980இல் எழுதிய நூலுக்குப் பிறகு மேலை நாடுகளிலும் பலர் நிமிஷத்துக்கு 200 அடிக்கு மேல், ஏற்ற இறக்கமில்லாத ஒரே சீரில் தட்டி, கண் மூடிப் படுத்துக் கேட்கிறார்கள். காலி அரிசி டின்னைக் கவிழ்த்து, மேலே மடித்த துண்டு போட்டு, மரக்கரண்டியால் தட்டினால் ஓசை காதைக் குத்தாது. தட்ட ஒருவர், படுக்க ஒருவர். 15 நிமிஷம் போதும். வலிப்பு வருகிறவர்களுக்கு இது வேண்டாம்.

5. படுத்திருக்கும்போது தொலைந்ததைத் தேடுங்கள். அந்தச் சொல் வந்து ஏறுவதற்கு முந்தைய நாட்களுக்குப் போங்கள். என் அண்ணி தட்ட, நான் போய் நின்ற இடம் ஆச்சி வீட்டுத் திண்ணை. பல்லாங்குழி, 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. எந்தக் குழியில் அள்ளினால் எங்கே போய் முடியும் என்று கையை வைக்குமுன் கண்ணாலேயே எண்ணிவிடுவேன், பெரியவர்களைக்கூட ஜெயித்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கா கணக்கு வராது? எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். உங்களுக்குக் கிடைப்பது ஒரு வாசனையாக இருக்கலாம், பழைய சைக்கிளாக இருக்கலாம். கிடைத்ததை வெறும் நினைவாக விடாமல் ஒரு பொருளாக வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நான் ஒரு பிடி புளியங்கொட்டை கழுவிக் காயவைத்தேன்.

6. தாளைக் கழித்துவிடுங்கள். முதல் குறிப்பில் எழுதிய தாளைச் சுருட்டி, திருஷ்டி கழிப்பதுபோல் தலையை வலமும் இடமும் மூன்று முறை சுற்றி, மண்சட்டியில் வைத்துக் கற்பூரத்தால் கொளுத்துங்கள். மொட்டை மாடியோ முற்றமோ நல்லது. மிளகாய் போட வேண்டாம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நெடி தாங்காது. கொளுத்துவதற்குப் பதில் உப்பைக் கரைத்துக் கழித்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகிவிடும். சாக்கடையில் விடுங்கள்.

7. தனியாகச் செய்யாதீர்கள். கொரியாவின் ஷாமனான முதாங் நடத்தும் ‘குட்’ சடங்கில் அக்கம்பக்கத்தார் கூடி நிற்பார்கள். முடிந்ததும் படைத்த உணவைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் மாறிவிட்டார் என்பதை ஊர் கண்ணால் பார்த்தால்தான் மறுநாளும் அவரைப் பழையபடி நடத்தாது. இரண்டு பேராவது சாட்சிக்கு இருக்கட்டும். சுண்டல் அவித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். காதில் குரல் கேட்பது, வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் இவற்றுக்குச் சடங்கு மருந்தாகாது. 2001இல், வழிபாட்டால் குணமாகும் என்று நம்பி ஏர்வாடிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள். அடித்து ஓட்டுகிறேன் என்பவரிடமும், நகையைக் கேட்பவரிடமும் போகாதீர்கள். அமேசான் காட்டு ஷாமன்களின் ஆயவாஸ்கா பானத்தை இணையத்தில் வாங்கிக் குடிக்கவே வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

9. மறுநாள் காலையே ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். மங்கோலியாவில் மலைக்கணவாய்களில் ‘ஓவோ’ என்ற கற்குவியல்கள் இருக்கும். வழிப்போக்கர் ஒரு கல்லைச் சேர்த்து, மூன்று முறை வலம்வந்து போவார். ஒவ்வொரு கல்லும் ஒருவர் அந்த இடத்தைக் கடந்ததற்கு அடையாளம். நீங்கள் பயந்த காரியத்தை ஒவ்வொரு முறை செய்யும்போதும் காலி ஊறுகாய் ஜாடியில் ஒரு கல்லோ கொட்டையோ போடுங்கள். பெரிய காரியமாக இருக்க வேண்டியதில்லை. நான் அந்த மாதப் பால் கணக்கை எடுத்தேன். இரண்டு முறை கூட்டினேன். இரண்டு முறையும் ஒரே தொகை வந்தது. ஜாடியில் ஒரு புளியங்கொட்டை விழுந்தது.