ஹயாத்தில் கொடுப்பதா, மவ்த்துக்குப் பின்னா?



செல்வந்தர்கள் தம் சொத்தில் பாதிக்கு மேல் தர்மம் செய்வதாக வாக்களிக்கும் 'கிவிங் பிளெட்ஜ்' 2010ல் தொடங்கியது. அதில் சேர்ந்த முதல் இந்தியர் விப்ரோவின் அஸீம் பிரேம்ஜி. வாக்கோடு நிற்காமல், 2019க்குள் விப்ரோ பங்குகளில் 67 சதவீதத்தின் வருவாயைத் தம் அறக்கட்டளைக்கே ஒதுக்கிவிட்டார்.

67 சதவீதம் என்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஹஜ்ஜத்துல் வதாவின்போது மக்காவில் கடும் நோயுற்ற ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்களும் இதே அளவு தர்மம் செய்யத்தான் அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதிக்கும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தக் கூடாதல்லவா?

இந்த வரம்பு மரண நோய்க்கும் வஸிய்யத்துக்கும்தான். ஆரோக்கியமாக இருக்கும்போது வீட்டிலிருந்த அனைத்தையும் கொண்டுவந்த அபூபக்ர் (ரழி) அவர்களை நபியவர்கள் தடுக்கவில்லை.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரே, சேலத்தில் வெள்ளிப் பட்டறை நடத்துபவரே! "எனக்குப் பிறகு அந்தக் கடை மதரஸாவுக்கு" என்று வாயால் மட்டும் சொல்லி வைத்திருக்கிறீர்களா? உமர் (ரழி) கைபர் நிலத்தைத் தம் ஹயாத்திலேயே வக்ஃப் செய்தார்கள்: விற்க முடியாது, வாரிசுக்கும் போகாது, விளைச்சல் ஏழைகளுக்கு. நம் நாட்டிலும் 2025 திருத்தச் சட்டத்துக்குப் பின், பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃப் உருவாகாது.